அவர்கள் எனக்கு வைத்த பெயர் பார்சல்

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு எதிரே மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு அடித்திருந்த காலம். தகரத்துக்கும் கடைகளுக்கும் நடுவே ஓர் ஆள் ஒடுங்கிப் போகிற அளவுக்குத்தான் வழி. அந்தச் சந்தில் இருந்த டீக்கடையில் நானும் என் பயிற்சித் தோழி கௌசியும் நின்றுகொண்டிருந்தோம். மாலைப் பயிற்சிக்குப் போகிற வழி. பயிற்சிக்கு முன்னால் வடை தின்னக் கூடாது. தின்றுகொண்டிருந்தோம்.

பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

முதலில் ஒரு மணி. டிங். அதன் பிறகு ஹோட்டல் கவுன்ட்டரில் கூவுகிற மாதிரி ஓர் ஆண் குரல்: "பார்சல்... ரெடீய்ய்!" அதற்கும் பிறகு பத்து இருபது பேர் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு.

என் கையில் கண்ணாடி டம்ளர் இருந்தது. அது சுடுகிறதா இல்லையா என்று தெரியவில்லை. விரல் முட்டியிலிருந்து தோள் வரை மரத்துப்போயிற்று. கால் இரண்டும் தரையில் ஆணி அடித்த மாதிரி நின்றன. யாராவது அந்த நேரத்தில் ஒரு விரலால் தள்ளியிருந்தால் விழுந்திருப்பேன்.

திரும்பினேன். உணவு டெலிவரி சட்டை போட்ட ஒரு பையன். இருபது வயது இருக்கும். கையில் இருந்த போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான்.

"அக்கா... இது நீங்கதானே? பார்சல் அக்கா?"

அவன் முகத்தில் கேலியே இல்லை. சினிமா நடிகையை நேரில் பார்த்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கௌசி டம்ளரைப் பெஞ்சின் மேல் வைத்தாள். அவள் எதையாவது அப்படி நிதானமாகக் கீழே வைத்தால் அடுத்தது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

"இன்னாடா சொன்ன? இன்னொரு தபா சொல்லு."

அரை நிமிடம்

இந்தத் தொடரை எழுத ஆரம்பித்ததிலிருந்து வாசகர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான். அந்த வீடியோவைப் பற்றி எப்போது எழுதுவீர்கள்? இதோ, எழுதுகிறேன். உங்களில் எத்தனை பேர் அதைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். பரவாயில்லை, உட்காருங்கள்.

மல்யுத்தத்தில் எங்கள் எடைப்பிரிவில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த பெண்ணுக்குக் கடைசி நேரத்தில் முழங்காலில் அடி. இரண்டாம் இடத்தில் இருந்த என்னைக் கூப்பிட்டார்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த எஸ்தர் என்ற பெண், நீலச் சட்டையில் நாட்டின் பெயரோடு, பனி பெய்கிற ஓர் ஊரில் போய் இறங்கினாள். அதுதான் என் முதல் சர்வதேசப் போட்டி.

எதிரே வந்தவள் மிக நல்ல வீராங்கனை. விசில் ஊதியதும் கை கோத்தோம். ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். இரண்டாவது தடவை இழுப்பது போலக் காட்டிவிட்டு உள்ளே புகுந்து, என் இடுப்பை இரண்டு கையாலும் பூட்டுப் போட்டாள். எங்கள் விளையாட்டில் அதற்கு மேல் அபாயமான பிடி கிடையாது. அப்படியே என்னைத் தூக்கிப் பின்பக்கமாக வளைந்தாள்.

தூக்கப்படும்போது எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். சத்தம் போய்விடும். அரங்க விளக்குகள் ஒரு வளைவாக ஓடும். மருந்துத் தண்ணீர் போட்டுத் துடைத்த மேட் விரிப்பின் வாசனை மேலிருந்து வரும், ஏனென்றால் அப்போது மேல் எது கீழ் எது என்றே இருக்காது. பிறகு முதுகு. இரண்டு தோளும் விரிப்பில் ஒட்டினால் ஆட்டம் முடிந்தது. நடுவர் தட்டினார். மொத்தமே அரை நிமிடம் இருக்கலாம்.

தோற்றேன். அவ்வளவுதான் நடந்தது. மற்றதெல்லாம் ரசிகர்கள் செய்தது.

யாரோ ஒருத்தர் அந்த அரை நிமிடத்திலிருந்து நான் காற்றில் இருக்கும் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, மணியும் குரலும் சிரிப்பும் ஒட்டிவிட்டார். நான் அறைக்கு வந்து குளித்துவிட்டு வெளியே வருவதற்குள் அது ஊரெல்லாம் போய்விட்டது.

வெளிநாட்டுக்கு இதுக்கா அனுப்புனீங்க என்று ஒருவர். தமிழ்நாட்டுக்கு மல்யுத்தம் எதுக்கு, பரோட்டா போடச் சொல்லுங்க என்று ஒருவர். என் உடைக்குள் எனக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஆராய்ந்தவர்கள் ஏராளம். எனக்காகப் பரிதாபப்பட்டவர்களும் உண்டு. பாவம், பொண்ணு, விட்டுடுங்க என்றார்கள். திட்டியவர்களைக்கூட மறந்துவிட்டேன். அந்தப் பாவம் இன்னும் உறுத்துகிறது.

நாற்காலியால் அடிப்பீர்களா?

ரசிகர்கள் என்று சொன்னேனே, எங்கள் ஊரில் மல்யுத்தத்துக்கு ரசிகர்கள் இருந்ததே இல்லை. டிவியில் வரும் அடிதடிக்குத்தான் இருந்தார்கள்.

அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். திசையன்விளைப் பக்கத்துக்காரர். குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் மதுரை, சேலம், தர்மபுரி, நாகர்கோவில் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு ஊர் பேச்சு கேட்கும். நான் கபடியிலிருந்து மல்யுத்தத்துக்கு மாறிய புதிதில் அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக வந்து கேட்ட கேள்வி, "அக்கா, நாற்காலியால அடிப்பீங்களா?"

இல்லை என்றேன்.

"கயித்து மேல ஏறிக் குதிப்பீங்களா?"

அதுவும் இல்லை என்றேன். எல்லாரும் கலைந்து போய்விட்டார்கள்.

மாவட்டப் போட்டியில் முதல் தங்கம் வாங்கியபோது கைதட்டியவர்கள் மூன்றே பேர். அப்பா, கௌசி, அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணின் சித்தப்பா. அவரும் தப்பான ஆளுக்குத் தட்டிவிட்டதாகப் பிறகு சொன்னார்.

ஆக, ஜெயித்துக்கொண்டிருந்த அத்தனை வருடமும் என்னை யாருக்கும் தெரியாது. ஒரு தடவை தோற்றதும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இதை நான் கசப்போடு சொல்லவில்லை. இப்படித்தான் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

அப்பா செய்த காரியம்

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா டிவியை மூடித் துணி போட்டு வைத்திருந்தார், ஏதோ சாவு விழுந்த வீடு மாதிரி. அப்பா வாசலில் நின்று செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? மொதல்ல சாப்பிடு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அவர் என்ன செய்திருந்தார் என்பதை அம்மாதான் சமையலறையில் மெல்லச் சொன்னார். குவார்ட்டர்ஸ் ஆட்களும் சர்ச் சபை ஆட்களும் ஒருவர் மாற்றி ஒருவர் அந்த வீடியோவை அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். சிலர் துக்கத்தோடு, சிலர் சும்மா. அப்பா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பிறகு அதே வீடியோவை, மணியும் குரலும் சிரிப்பும் எல்லாம் சேர்ந்தபடியே, தனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அவரே திருப்பி அனுப்பியிருக்கிறார். சபை குரூப், தொழிற்சாலை குரூப், திசையன்விளைச் சொந்தக்காரர்கள் குரூப், ஒன்று விடவில்லை. கீழே ஒரு வரி: "விழுகிறவள் என் மகள். அவள் சட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கவும்."

அதற்குப் பிறகு ஒருவரும் அவருக்கு அனுப்பவில்லையாம்.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன். எனக்கு அழுகையா கோபமா என்று தெரியவில்லை.

"ஒளிச்சு வச்சாத்தான ஏட்டி அவன் கையில ஆயுதம்? நானே குடுத்துட்டேன். இனி என்ன செய்வான்?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்பாவுக்கு இருந்த தெம்பு என் உடம்புக்கு இல்லை. நான் அந்த வீடியோவை ஒரு தடவைகூட முழுதாகப் பார்க்கவில்லை. போனில் அது வந்தால் விரல் தானாகத் தள்ளிவிடும். பேருந்திலோ கடையிலோ அந்த மணிச் சத்தம் கேட்டால் போதும், உடம்பு கட்டையாகிவிடும்.

பயிற்சியிலும் அதே கதைதான். யாராவது இடுப்பைப் பூட்டினால் உடனே கையைத் தளர்த்திவிடுவேன். தூக்கட்டும், முடியட்டும் என்று உடம்பே முடிவு எடுத்துவிடும். இதை யாரிடமும் சொல்லவில்லை. மல்யுத்தச் சங்கத்தில் ஒரு பெரியவர் மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்: சென்னையில் ஒரு சர்வதேச அழைப்புப் போட்டி வருகிறது, இங்கேயும் இப்படியென்றால் அந்தப் பெண்ணை மறந்துவிட வேண்டியதுதான்.

எனக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மறந்துவிட்டால் மறந்ததுதான்.

அனுப்பு

டீக்கடைக்கு வருகிறேன்.

கௌசியைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னீர்குப்பத்துக்காரி. திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் காலை ஷிப்ட் பேக்கிங் வேலை, மாலையில் எங்களோடு மேட். என்னைவிட இரண்டு எடைப்பிரிவு மேலே. முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு போட்டிகளை விட்டுவிட்டாள், பயிற்சியை விடவில்லை. என்னோடு மோதுவதற்காகவே வருவாள்.

அவள் பையனின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள்.

"அக்கா, சத்தியமா தப்பா சொல்லலக்கா. நான் உங்க ஃபேனுக்கா."

"ஃபேனா? எவன்டா ஃபேனு? அவ வுயுந்தத பாத்து இளிச்சிகினு ஃபேனாம்!"

"கௌசி, விடு" என்றேன்.

என் கை இன்னும் மரத்துத்தான் இருந்தது. அந்தக் கையைப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது. பையன் மேல் இல்லை, அந்த வீடியோ செய்தவன் மேல்கூட இல்லை. ஒரு மணிச் சத்தம் கேட்டு மரத்துப்போகிற இந்தக் கையின் மேல். பயிற்சிக்கூடத்துக் கயிற்றில் கை மாற்றிக் கை மாற்றி ஏறிய கை இது. இதற்கு யார் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது?

"தம்பி, அந்த வீடியோவ எனக்கு அனுப்பு."

"இன்னாதுக்கா, இதையா?"

"அதேதான். நம்பர் சொல்றேன், அனுப்பு."

பையன் கௌசியைப் பார்த்தான். கௌசி என்னைப் பார்த்தாள், எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிற மாதிரி. காலரை மட்டும் விட்டாள். பையன் அனுப்பினான். என் போனில் அது வந்து விழுந்தது. இந்தத் தடவை விரல் தள்ளவில்லை.

ஸ்பீக்கர்

எங்கள் பயிற்சிக்கூடம் டிரங்க் ரோட்டை ஒட்டிய ஒரு பழைய குடோன். மேலே சிமென்ட் ஷீட். பகலில் அடித்த வெயில் எல்லாம் சாயங்காலம் வரை உள்ளேயே இருக்கும். போகிற லாரிக்கு மேட் அதிரும்.

கௌசியிடம் அவள் தம்பி பாட்டு கேட்கிற ஸ்பீக்கரைக் கொண்டுவரச் சொன்னேன். போனை அதில் இணைத்தேன்.

"இப்போ நீ என் இடுப்பப் பூட்டு. பூட்டின உடனே இத ஓட விடச் சொல்றேன். சத்தம் வந்ததும் என்னைத் தூக்கு."

"மாட்டேன்."

"கௌசி."

"மாட்டேன்டி. அந்த சவுண்ட கேட்டாலே எனக்கு வயிறு பத்திகினு எரியுது. அத வச்சிகினு உன்ன தூக்கிப் போடணுமா நானு? நான் இன்னா அவனுங்க மாதிரியா?"

"அவங்க தூக்கிப் போட்டா வலிக்குது. நீ போட்டா நான் எழுந்துக்குவேன்."

கௌசி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் இடுப்பைப் பிடித்தாள்.

டிங். பார்சல், ரெடீய்ய்.

முதல் தடவை நான் மரக்கட்டை மாதிரி மேலே போனேன், மரக்கட்டை மாதிரி விழுந்தேன். இரண்டாவது தடவையும் அப்படியே. அன்று முழுவதும் அப்படியே. என்னோடு பயிற்சி செய்கிறவர்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. கௌசி ஒவ்வொரு தடவையும் என்னைப் போட்டுவிட்டு, "போதுமா?" என்றாள். நான், "மறுபடி" என்றேன்.

பல நாள் இப்படிப் போயிற்று. வீடியோவைச் செய்தவனே தன் குரலை இத்தனை தடவை கேட்டிருக்க மாட்டான். அந்த ஆள் 'ரெடீய்ய்' என்று இழுக்கும்போது நடுவில் ஒரு சின்ன இருமல் வருவதுகூட எனக்குத் தெரியும்.

அந்தப் பிடிக்கு ஒரு மாற்று உண்டு. பூட்டியவள் பின்பக்கம் வளைகிற நேரத்தில் நாம் பயந்து விறைக்கக் கூடாது. இடுப்பைத் தாழ்த்தி, அவள் காலை உள்பக்கமாக நம் காலால் கொக்கி போட்டு, அவள் போகிற பக்கமே நாமும் சேர்ந்து போக வேண்டும். கொக்கி விழுந்தால் அவள்தான் கீழே இருப்பாள், நாம் மேலே. தெரிந்த விஷயம்தான். தெரிந்ததைச் செய்ய உடம்பு ஒப்புக்கொள்ள வேண்டுமே.

ஒரு சாயங்காலம், வெளியே மழை. ஷீட்டில் அடிக்கிற சத்தத்தில் ஸ்பீக்கர் சரியாகக் கேட்கவில்லை. டிங் என்று மட்டும் எங்கோ கேட்டது. என் இடுப்பு தானாகத் தாழ்ந்தது. கால் தானாகப் போய்க் கொக்கி போட்டது. கௌசி என் கீழே கிடந்தாள்.

"யம்மா..." என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "இன்னா வேகம்டி இது!"

குவார்ட்டர்ஸில் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கை தானாக டிபன் பாக்ஸை எடுக்கும். அந்தக் குரல் எனக்கு அப்படி ஆகிவிட்டிருந்தது.

நல்லா சத்தமா கத்து

சென்னைப் போட்டியின் காலை ஆட்டத்தில் அரங்கம் பாதி காலி. ஜெயித்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அரையிறுதி மாலையில். அதற்குள் அரங்கம் நிறைந்துவிட்டது. ஏதோ ஒரு கல்லூரிக் கூட்டம் முன் வரிசைகளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஒலிபெருக்கியில் என் பெயர் சொன்னதும் ஒருவன் ஆரம்பித்தான். "பார்சல்!"

அப்புறம் ஐந்து பேர். அப்புறம் ஒரு பகுதி முழுக்க. "பார்சல்! பார்சல்!" தாளம் போட்டுக் கத்தினார்கள். சொந்த ஊரில், சொந்த நாட்டுச் சட்டையோடு நான் நடந்து போகிறேன், என் ஊர்ப் பிள்ளைகள் எனக்கு இப்படி வரவேற்புக் கொடுக்கிறார்கள். எதிரே நின்ற உஸ்பெக் பெண் அது என்னவோ உற்சாகம் என்று நினைத்து என்னைப் பொறாமையோடு பார்த்தாள்.

அப்பா அந்தக் கல்லூரிக் கூட்டத்துக்கு முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கௌசி. ஸ்பீக்கர் கதையை அவள் அவரிடம் சொல்லியிருந்தாள். அப்புறம் நடந்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா எழுந்து, பின்னால் திரும்பி, அந்தப் பையன்களைப் பார்த்துச் சொன்னாராம்:

"தம்பி, இது பத்தாது. இன்னும் நல்லா சத்தமா கத்து. அவளுக்குக் கேக்கணும்லா."

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். "பெருசு செம ஜாலிடா" என்று ஒருவன் சொல்லிவிட்டு இன்னும் உரக்கக் கத்தினானாம்.

முதல் பாதியில் இரண்டு புள்ளி கொடுத்துவிட்டேன். உஸ்பெக் பெண்ணுக்கு நீண்ட கைகள். நான் எந்தப் பக்கம் போனாலும் கை அங்கே முன்னாலேயே இருந்தது. இரண்டாம் பாதியில் நேராக இடுப்புக்கு வந்தாள், நான் தோற்ற அந்த ஆட்டத்தைப் பார்த்திருப்பாள் போல. பூட்டு விழுந்தது.

அரங்கம் முழுக்க ஒரே மூச்சில் இழுத்தது. "பார்சல்ல்ல்..."

அப்புறம் நான் எதையும் யோசிக்கவில்லை. இடுப்பு தாழ்ந்தது. கால் போனது. விளக்குகள் வளைந்து ஓடின, ஆனால் இந்தத் தடவை அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் மேலே இருந்தேன். எனக்குக் கீழே இரண்டு தோள்கள் மேட்டில் ஒட்டியிருந்தன. நடுவர் கையால் தட்டினார்.

அரங்கத்தின் கூரை பிய்த்துக்கொண்டு போனது.

வேறு பெயர்

இந்த அத்தியாயம் இங்கே முடிந்தால் எனக்கும் வசதிதான். ஆனால் இறுதிப்போட்டி பாக்கி இருந்தது.

உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள நடந்துகொண்டிருந்தேன். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அதே கல்லூரிப் பையன்கள் வந்து நின்றார்கள். முகம் முழுக்கச் சிரிப்பு. ஒருவன் கன்னத்தில் கொடி வரைந்திருந்தான்.

"எஸ்தர்க்கா! ஒரு செல்ஃபிக்கா!"

பெயரைப் பலகையில் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஃபைனல்ல அந்த மங்கோலியாக்காரிய தூக்கி பார்சல் கட்டுங்கக்கா! நாங்க கீறோம்க்கா!"

மங்கோலியாப் பெண் கொஞ்ச தூரத்தில் தனியாக உட்கார்ந்து விரலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் பெயரை இவர்கள் வாய்க்கு வந்தபடி உச்சரித்துச் சிரித்தார்கள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பையன்கள் துளியும் மாறவில்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. பார்சலுக்குள் இருக்கிற ஆள்தான் மாறியிருக்கிறாள்.

செல்ஃபி எடுக்கவில்லை. "ஆட்டம் இன்னும் முடியல. போய் உக்காந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அப்படிப் பெரிதாகச் சொல்லிவிட்டுப் போனவள் என்ன செய்தேன் தெரியுமா? மேட்டில் ஏறியதும், "எஸ்தர்! எஸ்தர்!" என்று அரங்கம் அதிர்ந்தது. கேலிக்கு நான் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்திருந்தேன். என் பெயரைச் சொல்லிக் கத்தினால் என்ன செய்வது என்று எந்த ஸ்பீக்கரிலும் பழகியிருக்கவில்லை. அது நேராக ரத்தத்தில் ஏறியது. ஒரு பெரிய வீச்சு காட்ட வேண்டும், இவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்று தோன்றியது. தூரத்திலிருந்தே பாய்ந்தேன். மங்கோலியாப் பெண் சும்மா ஒதுங்கி, என் பின்னால் வந்து என்னைக் கீழே உட்கார வைத்தாள். அவளுக்கு இரண்டு புள்ளி.

இடைவேளையில் எங்கள் அணியின் பயிற்சியாளர் இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. முன் வரிசைத் தடுப்பின் மேல் பாதி உடம்பு தொங்க, கௌசியின் குரல்தான் கேட்டது.

"ஏய்! யாருக்குடி ஆடிகினு கீற?"

திரும்பினேன்.

"அதுவும் ஸ்பீக்கர்தான்டி! ஆஃப் பண்ணு!"

தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டேன். ஆஃப் பண்ணுவதற்கு நேரம் இல்லை. ஆனால் அது ஸ்பீக்கர் என்று தெரிந்ததே போதுமாக இருந்தது.

இரண்டாம் பாதியில் நான் ஆடியதை யாரும் அழகு என்று சொல்ல மாட்டார்கள். தலையை அவள் நெஞ்சில் வைத்தேன். அவள் கையை என் கக்கத்தில் மாட்டிக்கொண்டேன். தள்ளினேன். எதிராளியைக் கோட்டுக்கு வெளியே தள்ளினால் ஒரு புள்ளி. தள்ளித் தள்ளிக் கோட்டைத் தாண்ட வைத்தேன். ஒன்று. மறுபடி நடுவில் வந்து அதே தலை, அதே கை, அதே தள்ளல். அவள் பின்வாங்கிக்கொண்டே இருந்ததால் நடுவர் எனக்கு இன்னொரு புள்ளி கொடுத்தார். சமம்தான், ஆனால் சமமாக முடிந்தால் விதிப்படி அவள்தான் ஜெயிப்பாள், ஒரே பிடியில் இரண்டு புள்ளி வாங்கியவள் அவள்.

அரங்கத்தில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. "தூக்குக்கா!" என்று யாரோ கத்தினார்கள். தூக்கவில்லை. சிலர் போனைக் கீழே இறக்கினார்கள். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் எழுந்து போனார்கள். என் காதோரம் அவள் மூச்சும் என் மூச்சும் தவிர எதுவும் இல்லை. காது மடல் எரிந்தது. தொடை நடுங்கியது. இன்னும் ஓர் அடி. இன்னும் ஓர் அடி. அவள் குதிகால் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

மூன்றுக்கு இரண்டு. மணி அடித்தது.

நடுவர் என் கையைத் தூக்கினார். மங்கோலியாப் பெண் வந்து என் தோளில் தலையை வைத்துக் கட்டிக்கொண்டாள். அவளுக்கும் தொடை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. கைதட்டல் வந்தது, மரியாதைக்குத் தட்டுகிற மாதிரி. அப்பா மட்டும் நின்றுகொண்டு, கையைத் தலைக்கு மேலே வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

பதக்கத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் வெளியே வந்தபோது, கன்னத்தில் கொடி வரைந்திருந்த பையன் வாசலில் நின்றிருந்தான். வியர்வையில் கொடி கரைந்து தாடை வரை வழிந்திருந்தது. ஏமாந்துபோன முகம்.

"இன்னாக்கா, செமி ஃபைனல்ல அப்படி ஒரு போடு போட்ட. ஃபைனல்ல ஒன்னுமே இல்ல, சும்மா தள்ளிகினே இருந்த. இவ்ளோதானா?"

கௌசி பையைக் கீழே வைக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமா தம்பி" என்றேன். "இவ்ளோதான்."